மணலைத் தழுவியவள்

மீஞ்சூருக்கு வடகாஞ்சி என்றொரு பெயருண்டு. காஞ்சியைப் போலவே இங்கும் ஏகாம்பரநாதரும் காமாட்சியும் வரதராஜப் பெருமாளும் எழுந்தருளியிருப்பதால் வந்த பெயர். காஞ்சி ஸ்தல புராணத்தில், அம்பிகை மாமரத்தடியில் மணலைக் குவித்து லிங்கமாக்கிப் பூஜித்துக்கொண்டிருக்கையில், அவளைச் சோதிக்கத் திருவுளங்கொண்ட ஈசன் கம்பை நதியைப் பெருக்கெடுக்கச் செய்தான் என்றும், அவளோ ஓடித் தப்ப எண்ணாமல் அந்த மணலையே மார்போடு தழுவிக்கொண்டாள் என்றும் வரும் கதையைச் சிறு வயது முதல் பலமுறை கேட்டிருக்கிறேன். அது என் புத்தியில் உறைத்தது 2023 டிசம்பரில்தான்.

மிக்ஜாம் புயல் அம்மாதம் 5-ஆம் தேதி ஆந்திரத்தில் பாபட்லாவுக்கு அருகே கரையைக் கடந்தது. அதற்குமுன் சென்னைக் கரையை ஒட்டி நிதானமாக நகர்ந்து, கொட்டவேண்டியதையெல்லாம் நம்மீது கொட்டிவிட்டுத்தான் போயிற்று. பூண்டியில் திறந்துவிடும் உபரிநீர் கொசஸ்தலையாற்றின் வழியே தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி எண்ணூர் முகத்துவாரத்தில் கடல் சேர்வதாகையால், மேற்கே பெய்யும் மழைக்கும் எங்கள் பக்கத்தில்தான் கணக்குத் தீரும். மின்சாரமற்ற ஒரு மாலையில், முழங்கால் தண்ணீரில் நின்றபடி, தெருமுனைக் கடைக்காரர் நனைந்த அரிசி மூட்டைகளைக் காட்டி என்னிடம் கேட்டார்: “நாங்க இன்னா சார் பாவம் பண்ணோம்?”

பழைய கேள்வி. 1934 ஜனவரி 15-இல் பீகாரில் பூமி அதிர்ந்து பல்லாயிரவர் மாண்டபோது, தமிழ்நாட்டில் ஹரிஜன யாத்திரையிலிருந்த காந்தியடிகள், தீண்டாமை என்னும் பாவத்துக்கு ஈசுவரன் விதித்த தண்டனை அது என்று திருநெல்வேலியில் பேசினார். பௌதிக நிகழ்ச்சிக்குப் பௌதிகக் காரணமே உண்டு என்று தாகூர் மறுத்தெழுத, அம்மறுப்பைக் காந்தியடிகள் தமது ‘ஹரிஜன்’ பத்திரிகையிலேயே வெளியிட்டார். (அந்நாளைய சர்ச்சைகளின் நாகரிகம் அது.)

தாகூர் பக்கமே நியாயம் என்று இளமையில் தீர்மானித்தவன் நான். ஆயினும் எண்ணூர்க் கழிமுகத்தைப் பார்க்கையில் ஒரு சங்கடம் எழுகிறது. இங்கே பாவத்துக்கும் வெள்ளத்துக்கும் உள்ள சம்பந்தத்தை நிரூபிக்க ஈசுவரனைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை: அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆறு தூர்ந்ததும், உப்பளமும் சதுப்பும் மேடாக்கப்பட்டதும் கண்கூடு. அந்த வெள்ளத்தோடு மணலித் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியே வந்த எண்ணெய், படகிலும் வலையிலும் அலையாத்தி வேரிலும் கருகருவென்று அப்பிக்கொண்டது. காரியத்துக்குக் காரணம் உண்டு என்ற அளவில் கர்மக் கொள்கை இங்கே அப்பழுக்கின்றி நிற்கிறது. செய்தவனே அனுபவிப்பான் என்ற அதன் மறுபாதியோ, அந்த எண்ணெயை மொண்டு மொண்டு பீப்பாயில் ஊற்றிக்கொண்டிருந்த மீனவன் முன்னே வாயடைத்துப் போகிறது. பூர்வஜன்மத்தைத் துணைக்கு அழைக்கலாம். அழைப்பவர்கள் பெரும்பாலும் மேட்டில் வீடு கட்டியவர்கள்.

1888 மார்ச்சில் பனிப்புயல் நியூயார்க்கை மூடி, தந்திக் கம்பங்களைச் சாய்த்தது. பிறகு அந்நகரத்தார் கம்பிகளைப் பூமிக்கடியில் புதைத்தார்கள். அதைப் பிராயச்சித்தம் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். எனக்கு அப்படித்தான் படுகிறது.

அம்பிகைக்கு வருகிறேன். நதியைப் பெருக்கியவனும் மணலுக்குள் இருப்பவனும் ஒருவனே என்பதை அவள் அறியாதவளல்லள். ஏன் என்று அவள் கேட்டதாகப் புராணம் சொல்லவில்லை; கரைந்துவிடக்கூடியது எதுவோ அதைப் பிடித்துக்கொண்டாள் என்றே சொல்கிறது. வளைத்தழும்பு பட்டுக் குழைந்தது லிங்கந்தான்; அதனால்தான் அவருக்குத் தழுவக்குழைந்த நாதர் என்று திருநாமம்.

இவ்வளவையும் இரவெல்லாம் யோசித்துக் கோவைப்படுத்திக்கொண்டு, கடைக்காரருக்குச் சொல்லலாமென்று மறுநாள் காலை போனேன். அவர் மூன்று செங்கல்லைக் கூட்டி, விற்க முடியாமல் ஊறிப்போன அரிசியை ஓர் அண்டா நிறையக் கஞ்சியாகக் காய்ச்சிக்கொண்டிருந்தார். தெருவார் தூக்குகளோடு காத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் நீளக் கரண்டியை நீட்டினார்.

“கொஞ்சம் கிண்டிக்கினே இரு சார், அடி புடிச்சிடும். நான் போய் உப்பு எடுத்துக்கினு வரேன்.”