கவசம் முடிகிற இடம்



சர்வேசுரன் தரும் கவசத்தை அணிந்துகொள்ளும்படி அர்ச். சின்னப்பர் எபேசியருக்கு எழுதினார். அணிந்துவிட்டோம் என்றே நினைக்கிறோம். பரீட்சை பார்த்தோமா?

முற்காலத்தில் ஐரோப்பியக் கொல்லர்கள் மார்க்கவசத்தை அடித்து முடித்ததும் குறுக்குவில்லால் எய்து பார்ப்பார்கள். பிற்காலத்தில் துப்பாக்கியால் சுட்டுப் பார்ப்பார்கள். விழுந்த பள்ளத்தை அழிக்காமல் விடுவதுண்டு. வாங்குகிறவனுக்கு அதுவே அத்தாட்சி!

2019-ல் இங்கிலாந்தில் சிலர், 1415-ல் நடந்த அஜின்கோர்ட் யுத்தகாலத்து மாதிரியில் மார்க்கவசம் செய்து, 160 இராத்தல் இழுவையுள்ள நெடுவில்லால் அதன்மேல் எய்தார்கள். நடுமார்பில் பட்ட அம்புகள் துளைக்கவில்லை, முறிந்து சிதறின. அந்தச் சிராய்களோ கழுத்தை நோக்கிப் பறந்தன. இரும்பு வளையச் சட்டை மட்டும் மூடியிருந்த இடத்தில் அம்பு உள்ளே போயிற்று.

ஞாயிறு பூசை தவறாதவனை அந்தப் பக்கத்தில் எய்து பசாசு தன் அம்பை ஏன் வீணாக்குகிறது? உடன்பிறந்தானோடு பேசாமல் கழித்த வருஷங்கள், ஏழைக்குக் கொடாமல் நிறுத்திய கூலி: தகடு அங்கேதான் முடிகிறது. உமக்கு எங்கே என்று நீர்தான் தடவிப் பார்க்கவேண்டும்.

அர்ச். ஜோன் ஆப் ஆர்க் கவசத்தோடுதான் ஓர்லியான் யுத்தத்தில் நின்றாள். 1429 மே 7-ந் தேதி கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே அம்பு தைத்தது. வலியால் அழுதாள். ஒலிவ எண்ணெயும் கொழுப்பும் வைத்துக் கட்டினார்கள். பிறகு தன் ஆத்தும குருவிடம் கண்ணீரோடு பாவசங்கீர்த்தனம் பண்ணினாள். அன்று சாயங்காலமே மறுபடியும் கோட்டை முன்னே நின்றாள்.