அடைவுகடைக்காரன் கேட்ட மன்னிப்பு

போர் ஓய்ந்த நாடுகளில் மன்னிப்பைப் பற்றிப் பேசுவோர் தொகை திடீரெனப் பெருகிவிடுவதுண்டு. 2009 மே மாதத்திற்குப் பின்னர் நம் நாட்டிலும் அதுவே நிகழ்ந்தது. மேடைகளிலும் ஆணைக்குழு அறிக்கைகளிலும் 'நல்லிணக்கம்' என்ற சொல் ஓயாது ஒலித்தது. யாழ்ப்பாணத்து மக்கள் அச்சொல்லை ஐயத்தோடு கேட்டனரென்றால் அதற்கு அவர்தம் வன்மம் காரணமன்று. யார், எதை, எவ்விடத்தில் ஒப்புக்கொள்வது என்ற வினாவுக்கு விடை தராமலே மன்னித்துவிடுமாறு அவர்கள் கேட்கப்பட்டனர். இவ்வினாவை ஒரு கணவனுக்கும் மனைவிக்கும் இடையே கொண்டுசென்று வைத்த திரைப்படம் ஒன்றைக் குறித்து ஈண்டு ஆராய விரும்புகிறோம்.

பிரசன்ன விதானகே 2012இல் உருவாக்கிய 'ஒப நதுவா ஒப எக்க' மலையகத்துச் சிறு பட்டினமொன்றில் நிகழும் கதை. அங்கே அடைவுகடை நடத்தும் சரத்சிரி ஒரு சிங்களவன். தன் நகைகளை ஒவ்வொன்றாக ஈடுவைக்க வரும் செல்வி, போரினால் வடக்கிலிருந்து பெயர்ந்து வந்த தமிழ்ப் பெண். வயது முதிர்ந்த செல்வந்தன் ஒருவனுக்கு அவளைக் கட்டிக்கொடுக்க ஏற்பாடாகும் வேளையில் சரத்சிரி அவளை மணந்துகொள்கிறான். பின்னர் அவனுடைய பழைய தோழன் ஒருவன் வீட்டுக்கு வருகிறான். கணவன் முன்னாள் இராணுவச் சிப்பாய் என்ற உண்மை அப்போதுதான் செல்விக்குத் தெரிய வருகிறது. அதன்பின் அந்த வீட்டில் இருவர் வாழ்கின்றனர், இல்லறம் இல்லை. செல்வியாக நடித்த அஞ்சலி பாட்டீலுக்கு அவ்வாண்டு கோவாவில் நடைபெற்ற இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான விருது கிடைத்தது. பேச்சைக் காட்டிலும் மௌனத்தால் நடித்தவருக்கு அது தகும்.

கதையின் மூலம் தொஸ்தோயெவ்ஸ்கி 1876இல் எழுதியது. பிரெஞ்சுக் கலைஞர் ரொபேர் பிரெசோனும் 1969இல் அதனைப் படமாக்கியிருக்கிறார். ஆயினும் விதானகே செய்த ஒரு மாற்றம் கதையின் அறப் பிரச்சினையையே வேறாக்கிவிட்டதென்பது நம் கருத்து. ருஷ்யக் கதையின் அடைவுகடைக்காரனும் முன்னாள் படை அதிகாரியே. அவன் மறைக்கும் இரகசியம், துவந்த யுத்தத்திற்குப் போகாமையால் கோழையெனப் பெயரெடுத்துப் படையை விட்டு விலக நேர்ந்தது. அது அவனுடைய மானத்தைப் பற்றியது. அதனால் மனைவிக்கோ அவளைச் சேர்ந்தோருக்கோ இழப்பு எதுவுமில்லை. அத்தகைய குறையை ஒரு மனைவி மன்னிக்கலாம், மறந்தும் போகலாம். சரத்சிரி மறைத்ததோ அவளுடைய ஊரின்மீது சென்ற படையில் தானும் ஒருவனாயிருந்தான் என்பது. இது அவர்கள் இருவருக்கு மட்டும் உரிய விடயமன்று. செத்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களின் தாய்மார் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்குமாகத் தனியொருத்தி, அதுவும் அவன் போட்ட சோற்றை உண்டுகொண்டு, 'போகட்டும்' என்று சொல்ல முடியுமா?

'அவன் உண்மையாகவே காதலித்தானே' என்பர் சிலர். காதலித்தான், அதை நாம் மறுக்கவில்லை. படத்தின் வலிமையே அவனைக் கொடியவனாகக் காட்டாமையில் இருக்கிறது. தெற்கின் வறிய கிராமங்களிலிருந்து சம்பளத்திற்காகப் படையிற் சேர்ந்த இளைஞர்களின் அவலம் விதானகேக்குப் புதிதன்று. மகனின் மரணத்தை நம்ப மறுக்கும் கண்பார்வையற்ற தந்தையொருவர், முத்திரையிட்டு வந்த பெட்டியைத் தோண்டியெடுக்கும் 'புரஹந்த களுவர'வை எடுத்தவர் அவரே. அப்பெட்டியினுள் உடல் இருக்கவில்லை. 2000இல் தடைசெய்யப்பட்ட அப்படம் உயர்நீதிமன்றம் வரை சென்ற பின்னரே மக்களைச் சேர்ந்தது. இத்தகைய கலைஞரின் படத்தை 2014 ஜூனில் சென்னையில் எதிர்ப்புக் காட்டி நிறுத்தியோர், தம் பக்கத்துச் சாட்சி ஒன்றையே வாயடைத்தனர் என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

சிக்கல் காதலில் இல்லை. காதலின் பெயரால் மன்னிப்பு கடமையாக்கப்படுவதில் இருக்கிறது. நம் யாழ்ப்பாணத்துச் சமூகம் இதனை நன்கறியும். 1911ஆம் ஆண்டுச் சட்டம், தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் சீதனக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தைக் கோரிற்று. காணிக்கு அவன் கையெழுத்து வேண்டும். அவள் பொறுமைக்கு மட்டும் எவர் கையெழுத்தும் வேண்டியதில்லை, அது தானாகவே எழுதப்பட்டதெனக் கொள்ளப்படும்! மறுக்கும் உரிமை இல்லாதவளிடமிருந்து பெறும் மன்னிப்பு, வட்டிக்காரன் தானே எழுதிக்கொண்ட பற்றுச்சீட்டைப் போன்றது. செல்வி அதனை எழுதிக்கொடுக்க மறுக்கிறாள். அவளுடைய அந்தப் பிடிவாதத்தை நாம் மதிக்கிறோம்.

அப்படியானால் சரத்சிரி என்ன செய்திருக்க வேண்டும்? தன் மனச்சுமையை அவன் வீட்டுக்குள்ளேயே இறக்கிவைக்கப் பார்க்கிறான். கடையை விடவும் பட்டினத்தை விடவும் அவனால் முடியும். தான் அறிந்ததை, அறிய வேண்டியவர்கள் முன்னிலையிற் சென்று சொல்ல வேண்டுமென்ற எண்ணம் மட்டும் அவனுக்குத் தோன்றவேயில்லை.

அவ்வாறு சொன்ன ஒருவன் நம் மண்ணின் வரலாற்றில் உண்டு. 1996 செப்டெம்பர் 7ஆம் நாள், பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி கைதடிச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டு வன்புணர்ந்து கொல்லப்பட்டாள். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரொருவரும் மீளவில்லை. 1998இல் அவ்வழக்கில் மரணதண்டனை பெற்ற சோமரத்ன ராஜபக்ஷ என்ற படையினன், செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டுள்ளனவென்று கூறினான். அவன் உத்தமனல்லன், தண்டனைக்கு முகங்கொடுத்து நின்ற குற்றவாளி. அவன் நோக்கம் எதுவாயினும் ஆகுக. அவனுடைய வாக்குமூலம் மண்ணைத் தோண்டச் செய்தது. 1999இல் 15 உடல்கள் எடுக்கப்பட்டன. சரத்சிரியின் நேர்மையான துயரம் ஒரு பிடி மண்ணையும் கிளறவில்லை. நல்லவனுடைய தனிமைக் கண்ணீரைவிடக் கொலையாளியொருவன் நீதிமன்றத்திற் சொன்ன வாக்கியம் இறந்தோருக்குப் பயன்பட்டது என்பது கசப்பான முடிவுதான். வேறு முடிவுக்கு வர நம்மால் இயலவில்லை.

1999இற்குப் பின் அவ்வழக்கு நெடுங்காலம் உறங்கிற்று. 2025இல் செம்மணியை அடுத்த சித்துப்பாத்தி மயானத்தில், கட்டட வேலைக்காக நிலத்தை வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. தொடர்ந்த அகழ்வுகளில் சிறுவர்களுடையவை உட்பட 200இற்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளங் காணப்பட்டன. புத்தகப்பை ஒன்றும் கிடைத்தது. ஆகஸ்டில் அப்பொருள்களும் உடைகளும் உறவினர் பார்வைக்கு வைக்கப்பட்டன. காணாமலாக்கப்பட்டோரின் மனைவியரும் தாய்மாரும் அவற்றைப் பார்க்க வந்தனர்.