அடுத்த பெட்டியை எடு!

உன் ஆன்லைன் சேலைக் கடைக்கு ஆர்டர் வந்துவிட்டதென்று துள்ளுகிறாயா தங்கையே? துள்ளு, தப்பில்லை. ஆனால் வியாபாரமே இனிமேல்தான். போன் சிணுங்கிய நிமிடத்திலிருந்து, முகம் தெரியாத ஒருவர் வீட்டு வாசலில் உன் பார்சல் போய் இறங்கும்வரை, அத்தனையும் உன் பொறுப்பு.

"எனக்கு ஏது குடோன், எனக்கு ஏது ஆள்?" என்று முனகாதே! 1995-இல் அமேசான் புத்தகம் விற்கத் தொடங்கியபோது, அதன் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் சிமெண்ட் தரையில் மண்டியிட்டுத்தான் பார்சல் கட்டினார். முட்டி வலிக்கிறது, முட்டிக்கு உறை வாங்கலாம் என்று அவர் சொல்ல, மேசை வாங்கலாமே என்றாராம் பக்கத்திலிருந்தவர். அவ்வளவு பெரிய மூளைக்கே மேசை தோன்றவில்லை! 2007-இல் பெங்களூருவில் ஃபிளிப்கார்ட்டுக்கு வந்த முதல் ஆர்டரைப் பார். கேட்ட புத்தகம் கையில் இல்லை. கடைகளில் தேடி வாங்கித்தான் அனுப்பினார்கள். உன் சரக்கோ உன் அலமாரியிலேயே இருக்கிறது. அப்புறம் என்ன நடுக்கம்?

நடுக்கம் போகவேண்டுமா? தொழிலைப் படி! 'நீலச் சேலை' என்று நோட்டில் எழுதிவைத்தால் போதாது, நீலத்திலேயே நாலு நீலம் இருக்கிறது. ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு குறியீடு, ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் எண் கொடு. அமேசான் குடோனில் பொம்மைக்குப் பக்கத்தில் புத்தகம் கிடக்கும். எது எங்கே என்பது கணினிக்குத் தெரியும். உனக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

அடுத்து, பெட்டி. இங்கேதான் லாபம் சத்தமில்லாமல் ஒழுகுகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, வருவதைக் கிலோ எடையாக எண்ணுவது பல கூரியர்களின் வழக்கம். 30, 20, 15 அளவுள்ள பெட்டி என்றால் கணக்கு 1.8 கிலோ. உள்ளே அரைக்கிலோ சேலை இருந்தாலும் 1.8 கிலோவுக்குத்தான் காசு! அதையே மடித்து 20, 15, 10 பெட்டியில் வை, 0.6 கிலோவோடு முடிந்தது. காற்றுக்கு வாடகை கட்டவா கடை திறந்தாய்?

ஒரு பார்சல் திரும்பி வந்ததும் கடையை மூடிவிடலாமா என்று அழுகிறாயே, வெட்கமாக இல்லை? கேஷ் ஆன் டெலிவரியில் வாங்க மறுப்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அனுப்புமுன் போன் போடு. முகவரியையும் பின்கோடையும் கேட்டு உறுதி செய். பொருளை உள்ளே வைத்து ஒட்டுவதை வீடியோ எடு. "காலிப் பெட்டி வந்தது" என்பவருக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. திரும்பி வந்த பார்சலையும் வீடியோ ஓட விட்டே பிரி. சேலை நன்றாக இருக்கிறதா? அன்றைக்கே கணக்கில் ஏற்றி, அதே தட்டில் அடுக்கு. மூலையில் கிடக்கும் சரக்கு முடங்கிய முதல்.

பிக்கப் வண்டி நாலு மணிக்கு வரும், உனக்காகக் காத்திருக்காது. பில்லை உள்ளே வை. லேபிளைச் சுருக்கம் விழாமல் ஒட்டு. பார்கோடு மேல் டேப்பை ஓட்டாதே, பளபளத்தால் ஸ்கேனர் படிக்காமல் போகலாம். ஆயிற்றா? ம், அடுத்த பெட்டி!