நிரம்பிய கைகள்

எபிரேய மறைநூலில் ஒருவரை ஆசாரியப் பணிக்கு அர்ப்பணிப்பதைக் குறிக்கும் சொற்றொடர் விந்தையானது: 'அவருடைய கையை நிரப்புதல்'. அச்சடங்கின் பெயரான 'மில்லுயீம்' என்பதற்கும் 'நிரப்புதல்' என்றே பொருள். தமிழ் விவிலியம் இதைப் 'பிரதிஷ்டை' என்கிறது. பொருள் விளங்குகிறது, ஆனால் அந்தக் கை மறைந்துவிடுகிறது.

கையில் நிரப்பப்படுவது எது? லேவியராகமத்தின் 8-ஆம் அதிகாரம் அதை விவரிக்கிறது. மோசே தம் தமையனார் ஆரோனையும் அவருடைய புதல்வர்களையும் நீராட்டி, திருவுடை அணிவிக்கிறார். ஆரோனின் தலையில் அபிஷேகத் தைலம் வார்க்கப்படுகிறது. பலிகள் செலுத்தப்பட்டபின், ஆட்டுக்கடாவின் கொழுப்பும் தொடையும் புளிப்பில்லாத அப்பங்களும் அவர்களுடைய உள்ளங்கைகளில் வைக்கப்படுகின்றன. இறைவன் திருமுன் அவை அசைவாட்டப்படுகின்றன. பிறகு மோசே அவற்றை அக்கைகளிலிருந்தே எடுத்துப் பலிபீடத்தில் எரித்துவிடுகிறார். நிரம்பிய கை வெறுங்கையாகிறது. ஆசாரியர்களுக்குரிய பங்கு பின்னர் உண்டு. ஆயினும் முதன்முதலாகக் கைக்கு வந்தது, வைத்துக்கொள்வதற்காக வரவில்லை.

அதற்கு முன்பே அக்கடாவின் இரத்தம் அவர்களுடைய வலது காதுமடலிலும், வலது கைப் பெருவிரலிலும், வலது கால் பெருவிரலிலும் பூசப்பட்டிருந்தது. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத மெய்யறிஞர் ஃபைலோ, சொல், செயல், வாழ்க்கை நடை ஆகிய மூன்றின் தூய்மையை இதில் கண்டார். அழகான விளக்கம்தான். ஆனால் அந்நூலின் 14-ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் படித்தால் இதன் ஆழம் மிகுகிறது. கொடிய தோல்நோயினால் பாளையத்துக்கு வெளியே தள்ளப்பட்டு, தன் தீட்டைத் தானே உரக்க அறிவிக்குமாறு விதிக்கப்பட்ட ஒருவன் குணமாகித் திரும்புகிறான். அவனுக்கும் அதே காது, அதே கைவிரல், அதே கால்விரல்! இரத்தம் பூசி, அதன்மீது எண்ணெயும் பூசி, எஞ்சிய எண்ணெயை அவன் தலையில் தடவுகிறார் ஆசாரியர். தாம் எந்த அடையாளத்தைப் பெற்றுத் திருக்கூடாரத்தினுள் நுழைந்தாரோ, அதே அடையாளத்தை இட்டு, ஒதுக்கப்பட்டவனை ஊருக்குள் சேர்க்கிறார்.

ஏழு நாட்கள் கூடார வாசலிலேயே தங்கியிருந்த ஆரோன், எட்டாம் நாள் முதன்முறையாகத் தாமே பலியிட வேண்டும். தம் பாவத்துக்காக அவர் கொண்டுவருமாறு பணிக்கப்பட்டது ஒரு கன்றுக்குட்டி. சீனாய் மலையடிவாரத்தில் மக்களின் பொற்காதணிகளை வாங்கிக் கன்றுக்குட்டி சமைத்தவரும் அவரேயன்றோ! 11-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி, ஆரோன் பீடத்தை நெருங்க நாணி அஞ்சி நின்றார் என்றும், இதற்காகவே அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று மோசே தேற்றினார் என்றும் மரபுவழிச் செய்தியை எடுத்துரைக்கிறார். காணிக்கைக்கு எபிரேயத்தில் 'கொர்பான்' என்று பெயர். 'நெருங்குதல்' என்ற வேரில் பிறந்த சொல் அது. குற்றமற்றவர் நெருங்குவதில் வியப்பென்ன?

ஆட்டுக்கும் புறாவுக்கும் வழியற்ற ஏழை, பாவநிவாரணமாகச் சிறிது மாவு கொண்டுவந்தால் போதும். ஆசாரியர் அதில் ஒரு கைப்பிடி எடுத்துப் பீடத்தில் இடுவார். அவனுக்கும் மன்னிப்பு உண்டு.

கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் எருசலேமில் பலிகள் குவிந்தன. அப்போது ஏசாயா தீர்க்கதரிசி, அதே 'நிரம்புதல்' என்ற வினையைக் கையாண்டு, மக்களின் கைகள் இரத்தத்தால் நிறைந்திருப்பதாகக் கடிந்தார். அவர் சுட்டியது பலியாட்டின் இரத்தத்தை அன்று. அவர்கள் கைகளை விரித்து வேண்டினாலும் இறைவன் கண்களை மறைத்துக்கொள்வார் என்றார். திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் நீதி செய்யுமாறு கேட்டார்.

கி.பி. 70-இல் உரோமர் ஆலயத்தை அழித்தனர், பலிகள் நின்றன. ஆரோனின் வழித்தோன்றல்களாகக் கருதப்படுவோர் மட்டும் இன்றும் தொழுகைக் கூடங்களில், கைகளை நீரால் கழுவி, வெறுங்கைகளை உயர்த்தி மக்களை ஆசீர்வதிக்கின்றனர். மனிதனைக் கொன்ற ஆசாரியர் அவ்வாறு கையுயர்த்தலாகாது என்கிறது தல்மூத். அதற்கு அது காட்டும் ஆதாரம், ஏசாயாவின் அந்த வாக்கியமே.