எடுத்து வைத்த பொருள் யாருடையது?

நம்ம வீடுகளில் பெரும்பாலும் ஒரு பெட்டி இருக்கும். கட்டிலுக்கு அடியிலோ ஸ்டோர் ரூமிலோ கிடக்கும். உள்ளே பழைய ரேம், எந்த மடிக்கணினிக்கு உரியது என்று தெரியாத மூன்று சார்ஜர், ஒரு விஜிஏ கேபிள், யாருடையதோ ஒரு ஹார்ட் டிஸ்க். ஏன் வச்சிருக்கீங்கன்னு கேட்டா எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வோம்: “பிறகு உதவும்.”

அந்தப் பதில் உண்மையா? உண்மையென்றால், யாருக்கு உதவும்?

பதஞ்சலி யோக சூத்திரத்தில் ஐந்து யமங்களில் கடைசியாக வருவது அபரிக்ரகம், அதாவது தேவைக்கு மேல் சேர்க்காமை. காந்தியும் தம் ஆசிரம நோன்புகளில் இதைச் சேர்த்தார். சமய வகுப்பில் இதைக் கேட்கும்போது, வீட்டில் இருப்பதையெல்லாம் தூக்கிப் போட்டால் நல்லவனாகிவிடலாம் என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்த நம் தாத்தா பாட்டி ஓர் ஆணியைக் கூட வீசமாட்டார்கள். அது பேராசை இல்லை, இன்னொரு ஆணி வாங்கக் காசு இல்லாத காலம். இன்றும் பல்கலைக்கழக மாணவனுக்கு ஒரு பவர் சப்ளை என்பது ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவில் பெரிய ஓட்டை. உபரி பாகம் வைத்திருப்பவனைப் பார்த்து “பற்று விடு” என்பது, கைநிறையச் சம்பளம் வாங்குபவர் பேசும் சுலபமான வேதாந்தம்.

ஆகவே வைத்திருப்பது தவறில்லை. ஆனால் கணினிப் பாகத்துக்கு ஆணியிடம் இல்லாத ஒரு குணம் உண்டு. ஆணி முப்பது வருடம் கழித்தும் ஆணிதான். டிடிஆர்3 ரேம் டிடிஆர்4 பலகையில் ஏறாது, காடியின் இடமே வேறு. டிடிஆர்4 கடைக்கு வந்தது 2014-இல். அதற்குமுன் வாங்கிய ரேம் நம் பெட்டியில் கெடாமல் பத்திரமாகவே இருக்கலாம், ஆனால் அதை ஏற்றுக்கொள்ளும் கணினிகள் வெளியே ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போகின்றன. அதாவது, நாம் பூட்டி வைத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் அந்தப் பாகம் உதவக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை குறைகிறது. “பிறகு உதவும்” என்று சொல்லிச் சொல்லியே உதவாததாக ஆக்கிவிடுகிறோம். திருக்குறளில் ‘நன்றியில் செல்வம்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. யாருக்கும் பயன்படாத செல்வம் என்றால் பணக்காரர் வீட்டுப் பெட்டகம்தான் நமக்கு நினைவுக்கு வரும். இந்தக் கட்டிலடிப் பெட்டி வராது.

சரி, வைத்திருக்கிறோம் என்றால் எப்படி வைத்திருக்கிறோம்? இங்கேதான் அடுக்கி வைப்பது வெறும் சுத்தம் பார்க்கும் வேலை இல்லை என்று நான் நினைக்கிறேன். ஓர் உதாரணம். கழற்றி மாட்டும் வகைப் பவர் சப்ளைகளின் கேபிள்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பொருந்தவும் செய்யும். ஆனால் சப்ளை பக்க முனையில் எந்தக் கம்பியில் எந்த வோல்ட் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், சில நேரம் ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடலுக்கிடையிலும் மாறும். ஒன்றின் கேபிளை மற்றொன்றில் மாட்டினால் ஹார்ட் டிஸ்க் அந்த நொடியே போய்விடலாம். பெயர் எழுதாத கேபிள் ஒரு மௌனமான பொய். கொடுத்தவன் நல்லெண்ணத்தோடு கொடுத்திருப்பான், வாங்கியவனின் படங்களும் பாடக் குறிப்புகளும் போயிருக்கும். ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் மாடல் பெயர், கழற்றிய தேதி, வேலை செய்ததா இல்லையா என்று எழுதுவது, நாம் இன்னும் பார்க்காத ஒருவரிடம் உண்மை பேசுவது. சத்தியமும் அதே யமப் பட்டியலில்தானே இருக்கு!

மற்றவை எளியவை. நிலைமின்சாரம் சுமார் 3,000 வோல்ட் ஏறினால்தான் நம் விரலுக்குச் சுருக்கென்று தெரியும். சில்லு சாக அவ்வளவு வேண்டாம். அதனால் பலகையையும் ரேமையும் வெள்ளி நிறப் பைக்குள் போட்டு மூட வேண்டும், பைக்கு மேலே வைத்தால் பயனில்லை. நம் ஊரில் அதைவிடப் பெரிய எதிரி ஈரக்காற்று. மூடி இறுக்கமான டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், தரையில் வைக்காமல் ஓர் அடி உயரம், இது போதும். லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வைக்கலாம். வீங்கிய பேட்டரி மட்டும் வீட்டுக்குள் ஒரு நாள் கூட இருக்கக்கூடாது. குத்தவும் கூடாது, குப்பையிலும் போடக்கூடாது. நம் நாட்டில் மின்கழிவு 2005-ஆம் ஆண்டு விதிமுறைப்படி எஸ்டபிள்யூ 110 என்ற அட்டவணைக் கழிவு. சாலையில் ஒலிபெருக்கியோடு வரும் பேப்பர் லாமா லோரியில் ஏற்றிவிட்டால் கடமை முடிந்தது என்று சொல்ல முடியாது. அதற்கென்று இருக்கும் சேகரிப்பு மையத்துக்குப் போக வேண்டும்.

இப்போது அந்த ஹார்ட் டிஸ்க். பொறியியல் படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அத்தை, பெரியப்பா, பக்கத்து வீட்டு அக்கா என்று எல்லாருடைய கணினியும் வரும். புது எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்ததும் பழையது நம்மிடமே தங்கிவிடும். “நீயே வச்சுக்கோய்யா” என்பார்கள். அவர்கள் கொடுத்தது ஓர் இரும்புத் துண்டை. அதற்குள் இருக்கும் கல்யாணப் படங்கள், வங்கிக் கணக்கு, யாருக்கும் காட்டாத கடிதங்கள் இவற்றை அவர்கள் கொடுக்கவில்லை. டிலிட் செய்தாலும் பெரும்பாலும் அட்டவணையிலிருந்து பெயர்தான் நீங்கும், தகவல் அங்கேயே இருக்கும். அதைத் திறந்து பார்ப்பது மட்டும்தான் திருட்டு என்று நினைக்கிறோம். திறக்காமலே வருடக்கணக்காக வைத்திருப்பதை என்னவென்று சொல்வது? என் கருத்தில் கள்ளாமையின் எல்லையை அதுவும் தொடுகிறது. உரியவரிடம் ஒருமுறை கேட்டு, வேண்டுமென்றால் நகலெடுத்துத் தந்து, வேண்டாமென்றால் முழுவதும் மேலெழுதி அழிக்கும் வரை அந்த டிஸ்க் நம்முடையது ஆகாது.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, ஒரே கைப்பேசியில் மூன்று பிள்ளைகள் மாறி மாறிப் படித்த வீடுகளை நம்மில் பலர் நேரில் அறிவோம். அதே தாமானில், அடுத்த லோரோங்கில், கட்டிலடியில் கணினிகள் பாகம் பாகமாகத் தூங்கிக்கொண்டிருந்தன. யாரும் கெட்டவர்கள் இல்லை. யாரிடம் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால் இன்னும் நிறைய நல்ல கணினிகள் அந்தக் கட்டிலடிக்குப் போகும். லினக்ஸ் போட்டால் அவற்றில் பல, படிவம் 1 மாணவனுக்குத் தாராளமாகப் போதும்.

ஆயுத பூஜைக்கு மடிக்கணினிக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம் இல்லையா, அதற்கு முந்தின நாள் இந்தப் பெட்டியையும் திறக்கலாம். அடுத்த ஒரு வருடத்தில் நானே பயன்படுத்துவேன் என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒரு டப்பா, மிச்சம் கிளைக்கு. கிளையில் ஓர் அலமாரி, ஒரு நோட்டுப் புத்தகம், என்ன வந்தது, யாருக்குப் போனது என்று எழுதினால் போதும். சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்பதில்தான் சண்டை வரும். அதை அடுத்த கூட்டத்தில் பேசிக்கலாம்.