பிழைபடுதலும் பிடிவாதமும்

மனிதன் பகுத்தறிவுடையவன் என்பது மெய்யியலின் பழைய கூற்று. ஆயின் அப்பகுத்தறிவு பிழைபடும்போது அவன் எவ்வாறு நடந்துகொள்கின்றான் என்பதே அவனது அறிவொழுக்கத்தின் உரைகல்லாகும். தவறான முடிவுக்கு வருதல் ஒழுக்கக் குற்றமாகுமா? நிகழ்தகவுப் புதிரொன்று எழுப்பிய வாதப்பிரதிவாதத்தைத் துணையாகக் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

மூடிய கதவுகள் மூன்று. ஒன்றின் பின்னே மோட்டார் வாகனம். ஏனைய இரண்டின் பின்னேயும் ஆடுகள். போட்டியாளர் ஒரு கதவைத் தெரிவு செய்கின்றார். வாகனம் எங்குள்ளதென அறிந்த நிகழ்ச்சி நடத்துநர், எஞ்சிய இரண்டில் ஆடு நிற்கும் கதவொன்றைத் திறந்து காட்டி, "தெரிவை மாற்ற விரும்புகின்றீரா?" என வினவுகின்றார். மாற்றுதல் நன்றா, மாற்றாதிருத்தல் நன்றா?

1975இல் ஸ்ரீவ் செல்வின் என்னும் அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் எழுதிய இப்புதிர், தொலைக்காட்சி நடத்துநர் மொன்ரி ஹோலின் பெயரால் வழங்குகின்றது. 1990இல் மரிலின் வொஸ் சவன்ற் அம்மையார் 'பரேட்' சஞ்சிகையில், மாற்றுதலே நன்று என விடையிறுத்தார். ஏறத்தாழ 10,000 கடிதங்கள் வந்து குவிந்தன. பெரும்பாலானவை அவரை மறுத்தன. எழுதியோருள் ஏறக்குறைய 1,000 பேர் கலாநிதிப் பட்டம் பெற்றோர். அவருட் சிலர் ஏளனமும் செய்தனர்.

விடையோ எளிது. முதல் தெரிவு சரியாவதற்கு வாய்ப்பு மூன்றில் ஒன்று. பிழையாவதற்கு மூன்றில் இரண்டு. அது பிழையாயின், நடத்துநர் மற்றைய ஆட்டைக் காட்டிவிடுவதால், எஞ்சிய கதவின் பின்னே வாகனம் இருந்தே தீரும். ஆகவே மாற்றுவோர் மூன்றில் இருமுறை வெல்வர்.

இதனை விடுதி அறையில் நண்பர் ஒருவர் கூறக் கேட்டபோது, எஞ்சியவை இரு கதவுகளாதலின் வாய்ப்பும் சரிபாதியே என நான் வாதாடினேன். அவர் மூன்று சீட்டுக்களை மேசைமேற் கவிழ்த்து, ஒவ்வொரு முறையும் தெரிவை மாற்றுமாறு கூறினார். 30 ஆட்டங்களில் 21இல் வென்றேன். "தற்செயல்" என்றேன். அவ்வாறாயின் இன்னும் 30 முறை ஆடுவோம் என்றார் அவர். நித்திரை வருகின்றதென்று கூறி நான் எழுந்துவிட்டேன்.

சரிபாதி என நினைத்தது என் குற்றமன்று. போல் ஏர்டிஷ் போன்ற பெருங் கணிதமேதையே முதலில் இவ்விடையை ஏற்க மறுத்தார். கணனியிற் பலமுறை செய்து காட்டப்பட்ட பின்னரே உடன்பட்டார். பிழைபடுதல் அறிவின் இயல்பு. சோதனை முன்வந்து நிற்கையில் மேசையை விட்டு எழுந்து செல்வதே குற்றம். ஏனெனில் முன்னையது நம்மை அறியாமல் நிகழ்வது. பின்னையது நாமே தெரிந்து செய்வது.

மறுத்தோர் அனைவரும் பிடிவாதக்காரரே எனக் கூறலாமா? கூடாது. நடத்துநர் வாகனம் இருக்குமிடம் அறியாது ஒரு கதவைத் திறந்து, அதன் பின்னே தற்செயலாக ஆடு நின்றிருப்பின், வாய்ப்பு உண்மையிலேயே சரிபாதியாகும். கண்ணுக்குத் தெரிவது ஒரே ஆடு; ஆயினும் அது எவ்வாறு காட்டப்பட்டது என்பதைப் பொறுத்து முடிவு மாறுகின்றது. நடத்துநர் எப்போதும் ஆட்டுக் கதவையே திறக்கக் கடமைப்பட்டவர் என்பது 'பரேட்' வினாவில் வெளிப்படையாகக் கூறப்படவில்லை. எனவே சரியான விடையை உடையவருக்கும் ஒரு கடமை உண்டு: தமது விடை எந்நிபந்தனைகளின்மேல் நிற்கின்றது என்பதை அவர் மறையாது கூறல் வேண்டும். மறுப்பவருக்குரிய கடமையோ, எதிரியின் பட்டத்தையும் பாலையும் விடுத்து, அந்நிபந்தனைகளை ஆராய்தலாகும். கடிதம் எழுதியோருட் பலர் இதனைச் செய்யவில்லை.

வொஸ் சவன்ற் அம்மையார் பாடசாலை வகுப்புக்களிலே இதனைச் செய்து பார்க்குமாறு வேண்டினார். செய்து பார்த்தோர் மனம் மாறினர். மறுத்து எழுதியோருட் சிலர் தம் பிழையை ஒப்புக்கொண்டு மீண்டும் எழுதினர். பட்டத்தினும் மேலான கல்வி அதுவே என்பேன்.

மறுநாட் காலை நானும் தனியே சீட்டுக்களை எடுத்து எண்ணிப் பார்த்தேன். நண்பர் சொன்னது சரியே. ஆனால் அதனை அவரிடம் சென்று கூற எனக்கு மேலும் ஒரு வாரம் பிடித்தது. தர்க்கத்தைக் கற்க ஒரு காலைப்பொழுது போதும். தோல்வியை ஒப்புக்கொள்ளக் கற்பதே நெடுங்காலப் பயிற்சி. பல்கலைக்கழகம் நமக்கு அளிக்கவேண்டியதும் அப்பயிற்சியே.