குடிலும் குடிசையும்

ஒரே பொருளைக் குறிக்கும் இரு சொற்கள் தமிழில் பல உண்டு. ஆயினும் அவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை வழக்காறு காட்டிவிடும். மண் சுவரும் ஓலைக் கூரையும் கொண்ட சிறு வீட்டைக் ‘குடில்’ என்கிறோம். ‘குடிசை’ என்றும் சொல்கிறோம். முனிவர் வாழ்ந்தது குடில். கூலியாள் வாழ்வது குடிசை. மலைவாழிடங்களில் பயணிகளுக்கெனக் கட்டப்படும் விடுதிகள் ‘குடில்’ என்று பெயர் சூடிக்கொள்கின்றன. எவரும் ‘குடிசை’ என்று பெயர்ப் பலகை எழுதுவதில்லை. தமிழக அரசு 1970-ஆம் ஆண்டில் அமைத்த வாரியம் ‘குடிசை மாற்று வாரியம்’ என்றே அழைக்கப்பட்டது. ‘குடில் மாற்று வாரியம்’ என்று பெயரிட எவருக்கும் தோன்றவில்லை. 2021-இல் அப்பெயரும் மாறிவிட்டது. சுவரும் கூரையும் ஒன்றாயிருக்க, ஒன்று போற்றத்தக்கதாகவும் மற்றொன்று மாற்றத்தக்கதாகவும் ஆனது எவ்வாறு? இவ்வினாவையே இங்கு ஆராய விழைகிறோம்.

பிழைப்பின் பொருட்டு வடபுலம் வந்து வாழும் நம்மனோர்க்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. நம்முள் பலர் நடுவண் அரசின் பணியில் இருக்கிறோம். பணிப்பதிவேட்டில் ‘சொந்த ஊர்’ என்று ஓர் ஊரின் பெயரை எழுதிக் கொடுத்துள்ளோம். அவ்வூருக்கு விடுப்புப் பயணச் சலுகையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறி, ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் கடந்து சென்னை சேர்ந்து, அங்கிருந்து பேருந்து மாறிச் செல்கிறோம். பத்து நாள் தங்குகிறோம். “ஆகா, இதுவன்றோ வாழ்க்கை!” என்று வியக்கிறோம்; பின்னர் அரசு ஒதுக்கிய இரண்டறைக் குடியிருப்புக்குத் திரும்பிவிடுகிறோம். ஓய்வு பெறும் நாள் நெருங்குகையில் கேள்விகள் எழுகின்றன. ஊரிலுள்ள வீட்டை வைத்திருப்பதா, விற்பதா? அங்கேயே தங்கிவிட்ட தம்பி, பழைய கூரையைப் பிரித்துவிட்டுக் காரை வீடு கட்ட விரும்பினால் இசைவதா, மறுப்பதா? இக்கேள்விகளுக்கு விடை காணுமுன், எளிய வீட்டின் இன்பம் எத்தகையது என்பதைத் தெளிந்துகொள்ளுதல் நன்று.

எளிய வீட்டின் இன்பங்கள்

அவ்வின்பம் பொய்யானதன்று. தென்னங்கீற்று வேய்ந்த கூரையின் கீழ்ச் சித்திரை வெயிலிலும் உறங்க முடிகிறது. கீற்றுகளின் அடுக்குகளிடையே தங்கும் காற்று வெப்பத்தைத் தடுத்துவிடுகிறது. கற்காரைத் தளமோ பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவெல்லாம் அதனை அறைக்குள் உமிழ்கிறது. மேல்மாடிக் குடியிருப்பில் தில்லியின் மே மாதத்தைக் கழித்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. சாணம் மெழுகிய தரையின் குளிர்ச்சி, நாட்டு ஓட்டின் மேல் விழும் முதல் மழையின் ஓசை, முற்றத்தில் வட்டமாக வந்து விழும் நிலவு, கொல்லையில் கைக்கெட்டும் முருங்கை, கிணற்றடியில் பாய்ந்து வாழையைச் சேரும் குளித்த நீர் என எண்ணுந்தோறும் இனிப்பவை பல.

இவற்றுள் தலையாயது திண்ணை. வீட்டுக்கு உரியதாயினும் வீட்டுக்கு வெளியே இருப்பது அது. வழிப்போக்கன் கேளாமலே அமரலாம். நகர வீட்டில் விருந்தினர் முதலில் அழைப்பு மணியை அழுத்த வேண்டும். உள்ளிருப்போர் துளை வழியே பார்த்த பின்னரே கதவு திறக்கும். எளிய வீட்டின் இன்பம் பொருள்களின் குறைவில் இல்லை. உள்ளும் புறமும் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதில் உள்ளது எனலாம். காற்றும் ஒளியும் அயலாரும் தடையின்றி வந்துபோகும் வீடு அது.

இன்பத்தின் பின்னுள்ள உழைப்பு

இனி, நாணயத்தின் மறுபக்கத்தையும் நோக்குவோம். மெழுகிய தரை தானே மெழுகிக்கொள்வதில்லை. வீட்டுப் பெண்களே குனிந்து மெழுகினர். கிணற்று நீர் தானே குடத்தில் ஏறுவதில்லை. விறகடுப்பில் வெந்த சோற்றின் சுவையைப் புகழ்வோர் திண்ணையில் அமர்ந்திருந்த ஆடவரேயன்றி, புகையில் கண் கலங்கிய தாய்மாரோ தமக்கையரோ அல்லர். கீற்றுக் கூரையைச் சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். கீற்று முடைபவரும் கூரை வேய்பவரும் பெரும்பாலும் அவ்வீட்டின் திண்ணையில் அமர உரிமை இல்லாதவராகவே இருந்தனர். வழிப்போக்கர் அனைவர்க்கும் பொதுவென நாம் புகழும் திண்ணை, ஊரின் எல்லாத் தெருவினர்க்கும் பொதுவாக இருந்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ளாமல் அதன் புகழ் பாடுதல் முறையன்று.

ஆதலின் எளிய வாழ்வின் இன்பத்தைப் பேசும்போது இரண்டு கேள்விகளை உடன் எழுப்புதல் வேண்டும். அவ்வாழ்வைத் துய்ப்பவர் அதனைத் தாமே தேர்ந்துகொண்டாரா? அதற்கு வேண்டிய உழைப்பைத் தருபவர் யார்?

புலவர் கண்ட இரு வீடுகள்

சங்கப் புலவர் இவ்வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படையில் எயினரின் குடிசை வருகிறது. ஈந்தின் இலையால் வேய்ந்த அதன் கூரை முள்ளம்பன்றியின் முதுகுபோல் தோன்றுவதாகப் புலவர் காட்டுகிறார். நிலம் வறியது, உணவு எளியது, ஆயினும் வழிச்செல்லும் பாணர்க்கு அங்கே விருந்து உண்டு.

நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில் வருவது வேறொரு வீடு. அங்கே கூரையின் கழிகள் கழன்று விழுகின்றன. சுவரைக் கறையான் அரித்திருக்கிறது. அடுக்களையில் காளான் பூத்திருக்கிறது. பசியால் வாடிய பாணனின் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைக்கிறாள். உண்ணுமுன் அவள் செய்வது யாது? பிறர் கண்டால் நகைப்பரே என்று நாணி வாயிற்கதவை அடைக்கிறாள்.

அடைத்த அந்தக் கதவில் நாம் தேடிய விடை கிடைக்கிறது. இரண்டும் எளிய வீடுகளே. இரண்டிலும் பெருஞ்செல்வம் இல்லை. ஆனால் ஒன்று பிறரை உள்ளே அழைக்கிறது; மற்றொன்று பிறர் கண்ணுக்கு அஞ்சி அடைத்துக்கொள்கிறது. கதவைத் திறந்து வைக்கும் இல்லாமைக்கு எளிமை என்று பெயர். கதவை அடைத்துக்கொள்ளச் செய்யும் இல்லாமைக்கு வறுமை என்று பெயர். திருவள்ளுவரும் ‘அவாவறுத்தல்’ என்னும் 37-ஆம் அதிகாரத்தைத் துறவறவியலில் வைத்து வேண்டாமையைப் பெருஞ்செல்வமாகப் போற்றினார்; ‘நல்குரவு’ என்னும் 105-ஆம் அதிகாரத்தைப் பொருட்பாலில் வைத்து வறுமையின் கொடுமையைப் பேசினார். இது முரண்பாடன்று. வேண்டாம் என்று விடுவது வேறு. வேண்டியும் கிடையாமல் வாடுவது வேறு.

தாமே தேர்ந்த குடில்கள்

எளிமையைத் தேர்ந்துகொண்டவர்களுள் உலகறிந்த ஒருவர் அமெரிக்க அறிஞர் தோரோ. 1845-ஆம் ஆண்டு சூலை 4-ஆம் நாள் வால்டன் குளக்கரையில் தாமே கட்டிய சிறு வீட்டில் குடியேறினார். அதன் நீளம் 15 அடி, அகலம் 10 அடி; செலவு 28 டாலர் 12½ சென்ட். அதில் மூன்றே நாற்காலிகள் இருந்தன. தாள்களை வைத்திருந்த மேசைக்கன்றி வேறெதற்கும் பூட்டு இல்லை. திறந்த கதவு அங்கும் இருந்தது. ஆயினும் அந்நிலம் அவருடைய நண்பர் எமர்சனுக்கு உரியது. ஊரும் நடந்துசெல்லும் தொலைவில் இருந்தது. ஈராண்டுகளும் இரு மாதங்களும் இரு நாள்களும் கழிந்தபின், 1847 செப்டம்பரில் அவர் அவ்வீட்டை விட்டு வெளியேறினார். வெளியேற முடிந்தது என்பதே அக்குடிலின் இலக்கணம். குடிசைவாழ் மக்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

நம் நாட்டில் காந்தியடிகள் 1936-இல் வார்தாவை அடுத்த சேகாவ்ன் என்னும் சிற்றூரைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். 1940-இல் அது சேவாகிராமம் ஆயிற்று. மண், மூங்கில், நாட்டு ஓடு ஆகியவற்றாலான ‘பாபு குடில்’ இன்றும் அங்கே காணக் கிடைக்கிறது. இவான் இல்லிச் என்னும் சிந்தனையாளர் 1978-இல் சேவாகிராமம் வந்தபோது அக்குடிலில் அமர்ந்து அதன் செய்தியை உணர முயன்றார். பொருள்களை அடைத்து வைக்கும் கட்டடத்துக்கும் மனிதர் வாழும் இல்லத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தம் உரையில் எடுத்துரைத்தார். வார்தா வழியாகச் செல்லும் இரயிலில் நம்முள் பலர் பன்முறை சென்றிருக்கிறோம். இறங்கிப் பார்த்தவர் சிலரே. காந்தியடிகள் அக்குடிலைத் தேர்ந்தது ஓய்வுக்காக அன்று. நாட்டின் ஏழை எவ்வாறு வாழ்கிறானோ அவ்வாறு வாழ்ந்து, அவன் கிராமத்தைத் துப்புரவாக்கி உயர்த்தவே அங்குச் சென்றார். அவருடைய எளிமைக்கு ஒரு கடன் இருந்தது. அக்கடனை அவர் உழைப்பால் செலுத்தினார்.

பிறர்க்குச் செங்கல், தமக்கு எளிமை

அக்கடனின் பொருளை மேலும் விளக்குவது தஞ்சை மண்ணில் நடந்த வரலாறு. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளரின் ஊராகிய கீழ்வெண்மணி தாக்கப்பட்டது. அஞ்சி ஒரு குடிசைக்குள் புகுந்த 44 பேர் அக்குடிசையோடு எரிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நாம் குளிர்ச்சி என்று புகழும் அதே கூரை அன்று அவர்களுக்கு ஈமவிறகாயிற்று. இந்நிகழ்ச்சியை அறிந்தவர், ஓலைக் கூரையின் அழகை மட்டும் பேசி அமைதல் இயலாது.

அந்நிகழ்ச்சிக்குப் பின் அப்பகுதி மக்களிடையே பணியாற்றச் சென்றவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். காந்திய நெறியில் ஊறி, சர்வோதய இயக்கத்தில் வளர்ந்தவர் அவர். கணவர் ஜெகந்நாதனுடன் 1981-இல் ‘லாஃப்டி’ என்னும் அமைப்பைத் தொடங்கி, நிலமற்ற பெண்களின் பெயரில் நிலம் கிடைக்கச் செய்தார். இருவர்க்கும் 2008-இல் ‘மாற்று நோபல்’ எனப்படும் வாழ்வுரிமை விருது கிடைத்தது. நாம் கருதத்தக்கது இதுவே: தம்மளவில் எளிமையை விரதமாகக் கொண்ட அவ்வம்மையார், அம்மக்களிடம் “குடிசையே இன்பம்” என்று உபதேசிக்கவில்லை. ஒழுகும் மண்குடிசைகளுக்கு மாற்றாக அவர்களுக்குச் செங்கல் வீடுகள் கட்டித் தரப் பாடுபட்டார். எளிமையைத் தமக்கு வைத்துக்கொண்டு, உறுதியான சுவரைப் பிறர்க்கு அளித்தார். எளிமை பற்றிய அறம் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. எளிமை ஒருவர் தம்மீது விதித்துக்கொள்ளும் நோன்பாகலாம். பிறர்மீது விதிக்கும் சட்டமாகலாகாது.

தமிழக அரசு 2024-இல் அறிவித்த ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம், 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் எட்டு இலட்சம் காரை வீடுகளை, ஒன்றுக்கு மூன்றரை இலட்சம் ரூபாய் வீதம், குடிசைகளுக்கு மாற்றாகக் கட்டுவதை இலக்காகக் கொண்டது. “நம் ஊரின் அழகு போயிற்றே” என்று விடுமுறைக்குச் செல்லும் நாம் வருந்தலாம். மழைக்காலத்தில் பாத்திரங்களை ஒழுக்குக்கு நேரே வைத்து விழித்திருந்த தாயிடம் அவ்வருத்தத்தைச் சொல்ல நமக்கு உரிமை உண்டா என்பதை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

அழகும் உறுதியும் ஒன்றையொன்று விலக்குவனவும் அல்ல. இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், அந்தந்த இடத்தில் கிடைக்கும் பொருளைக்கொண்டே சிக்கனமான, ஒழுகாத, காற்றோட்டமுள்ள வீடுகளைக் கட்டலாம் எனச் செய்து காட்டினார். இடையே வெற்றிடம் விட்டுச் செங்கல் அடுக்கும் அவர் முறையால் செங்கல்லில் ஏறத்தாழக் கால்பங்கு மிச்சமாகும். சுவரும் வெப்பத்தைத் தடுக்கும். குடிலின் குளிர்ச்சியைக் குடிசையின் துன்பமின்றிப் பெற வழியுண்டு என்பதற்கு அவ்வீடுகள் சான்று.

நம் கடமை

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விகளுக்கு இனி விடை கூறலாம். ஊரிலிருக்கும் தம்பி காரை வீடு கட்ட விரும்பினால் மனமுவந்து இசைவதே முறை. ஆண்டில் முந்நூற்று ஐம்பது நாளும் அவ்வீட்டில் வாழ்பவனுக்கே அதன் கூரையைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை உண்டு. பத்து நாள் விருந்தினருக்கு இல்லை. திண்ணை ஒன்று வைத்துக் கட்டுமாறு அன்போடு கேட்கலாம். அதன் செலவில் நம் பங்கையும் அனுப்பலாம். ஓய்வுக்குப்பின் ஊர் திரும்ப விழைவோர் இல்லத்தரசியின் கருத்தை முதலில் கேட்டல் வேண்டும்; நீர் இறைப்பவர் யார், தரை மெழுகுபவர் யார் என்பதை முடிவு செய்தபின் பயணச்சீட்டு வாங்குதல் நன்று. அவ்வேலையில் பாதியைத் தம் கையால் செய்ய இசைபவர் தாராளமாகச் செல்லலாம். அவர்க்கு அக்குடில் உண்மையிலேயே இன்பம் தரும்.

ஊர் திரும்ப இயலாதவரும் ஏங்க வேண்டுவதில்லை. எளிமை ஓலையில் இல்லை என்பதையும், திறந்த கதவில் உள்ளது என்பதையும் கண்டோம். இரண்டறைக் குடியிருப்பிலும் அக்கதவைத் திறந்து வைக்கலாம். வேலை தேடி ஊரிலிருந்து புதிதாக வரும் இளைஞனுக்குச் சில நாள் பாய் விரிக்க இடம் தந்தால் நம் கூடமே திண்ணையாகிவிடும். அயல்மொழி பேசும் அண்டை வீட்டார் தயக்கமின்றி வந்து அமர்ந்தால் நம் மாடிப்படியே முற்றமாகிவிடும். வேண்டாத பொருள்களைக் குறைத்து வேண்டிய மனிதர்களுக்கு இடம் செய்வோமாயின், நம்முடைய கற்காரைச் சுவர்களுக்குள்ளும் குடிலின் இன்பம் குடிபுகும். அதனோடு, எங்கோ ஒரு குடிசையில் நாணத்தால் அடைபட்டுக் கிடக்கும் கதவு ஒன்று திறக்கவும் நம்மால் இயன்றதைச் செய்வோம். குடிலைப் புகழும் உரிமையை அவ்வாறே நாம் ஈட்டிக்கொள்ள முடியும்.